உளையுதா, நோகுதா

அன்று அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

நான். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி அறையின் லேபர், எடுபிடி ஆள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன்.

நௌபர். சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுப்பவன். வலது தொடைச் சதை இறுகிப்போய் வந்தவன்.

அவன் மனைவி ஜெசீமா. வாசலோரம் பிளாஸ்டிக் கதிரையில்.

ஆதம் காக்கா. மருதமுனைத் தறிகாரர். கை தூக்க ஏலாமல் தோளுக்குப் பயிற்சி செய்ய வருபவர்.

மிஸ் இல்லை. பிசியோதெரபி படித்தவர் அவர் ஒருவர்தான். செவ்வாயும் வியாழனும் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருவார். அன்று செவ்வாய். ரோட்டு மூடியிருந்தது.

இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. பிழை யாருடையது என்று பிறகு ஒருவரும் தேடக்கூடாது. என்னுடையது.

நான் ஓய்வுபெற்ற பிறகு அந்த அறைப்பக்கம் அதிகம் போவதில்லை. போன மாதம் போனேன். இப்போது அங்கே வேலை செய்யும் உங்களில் ஒரு தங்கச்சி மூன்று உருளைகளைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று வழவழப்பு, ஒன்று கறுப்பு, ஒன்று முள்ளு முள்ளாக. இறுகிய சதைக்கு எது நல்லது என்று கேட்டார். ஆளைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பதில் இல்லை. எனக்குக் கதைக்க வராது. ஆகவே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். இந்த உருளைகள் எங்கள் பக்கம் வராத காலம். மிஸ் ஒரு புத்தகத்தில் படம் காட்டியிருந்தார். வெள்ளைக்காரன் ஒருவன் உருளைக்கு மேலே குப்புறப் படுத்துத் தொடையை முன்னும் பின்னும் உருட்டுகிறான். "இப்பிடி ஒண்டு கிடைச்சா எவ்வளவு நல்லம்" என்றார். உருளை எதனால் செய்தது என்று படத்தில் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆதம் காக்கா அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு மரஉருளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தறியில் நெய்த சாரனைச் சுற்றுகிற மரம். உடைந்த தறியினுடையது. கை பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தது.

"இந்தா லேபர் காக்கா. வெள்ளக்காரன் வெச்சிரிக்கிற சாமான விட இது உறுதி. நாப்பது வருசம் சாரன் சுத்தின மரம். ஒரு துடைக்கி அசையுமா?"

நௌபரின் கணக்கு வேறு. போன பருவத்தின் கடைசியில் வலை இழுக்கும்போது தொடை பிடித்தது. மாரி முழுக்க வீட்டில் இருந்தான். இருந்ததில் சதை இறுகிவிட்டது. முழங்காலை முழுதாக மடிக்க வரவில்லை. கடல் அடங்கினால் வலை இறங்கும். அதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. வலை முதலாளி ஹாஜியார் சொல்லிவிட்டார்: "மொத வலையில கடைசி மட்டும் நிண்டியெண்டா கயித்தில ஒன்ட எடம் ஒனக்கி. நடுவுல ஒக்காந்தா நான் வேற ஆளப் பாப்பன். கோவிக்கப்படாது."

கயிற்றில் இடம் போனால் திரும்பக் கிடைக்காது. இரண்டு பிள்ளைகள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

நான் கேட்டேன். "எப்பிடி இரிக்கி?"

"உளையுது காக்கா."

நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. நீங்கள் படித்த புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருக்கலாம். உளைவது வேறு. நோவது வேறு. வேலை செய்த சதை உளையும். அடிபட்ட இடம் நோகும். உளைகிற இடத்தை உருட்டலாம், பிடிக்கலாம், எண்ணெய் போடலாம். நோகிற இடத்தில் கை வைக்கக்கூடாது. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உளையுது என்றான். நான் மரத்தைப் போட்டேன். குப்புறப் படுக்க வைத்தேன். உருளையைத் தொடைக்குக் கீழே வைத்து, அவன் இடுப்பில் என் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினேன். முன்னும் பின்னும். அவன் வாயைத் திறக்கவில்லை. நான் கதைக்காதவன். கதைக்காத மனிசனைக் கண்டால் எனக்கு ஒரு மதிப்பு. இவன் நல்ல பொறுமைசாலி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

வாசலிலிருந்து ஜெசீமா எழும்பி வந்தாள்.

"காக்கா, போதும்."

"இன்னும் கொஞ்சம் புள்ள."

"காக்கா, அவரு சும்மா இரிக்கிறாரு எண்டு நெனைக்காதீங்க. உளைஞ்சா கத்துவாரு. வீட்ட வந்து பாருங்க, ஒரு கட்டெறும்பு கடிச்சா ஊரக் கூட்டுவாரு. வாய மூடினாரெண்டா அது நோவு."

நான் அழுத்துவதை விட்டேன். நௌபர் எழும்பினான். நெற்றியெல்லாம் வேர்வை. "சுகம் காக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை வந்தான். ரோட்டுத் திறந்து மிஸ்ஸும் வந்திருந்தார். சாரனை உயர்த்திக் காட்டினான். தொடை முன்பக்கம் கத்தரிக்காய் நிறம். ஒரு சாண் நீளம்.

மிஸ் தொடையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன வேலை செஞ்சு வச்சிருக்கிறீங்க? இது சதையா, தேங்காயா?"

"உளையுது எண்டான், மிஸ்."

"ஏன் தம்பி அப்பிடிச் சொன்ன நீங்க?"

நௌபர் நிலத்தைப் பார்த்தான். "நோகுது எண்டா கயித்தில நிக்க ஏலா எண்டு எழுதிப்போடுவீங்க. ஹாஜியார்ட காதுக்குப் போயிரும்."

சிலாபம், புத்தளம் வரைக்கும் போய் வலை இழுத்தவன். ஒரு சொல்லுக்குப் பயந்திருக்கிறான். அந்தச் சொல்லை நம்பி நான் அழுத்தியிருக்கிறேன்.

மிஸ் என்னை வெளியே கூப்பிட்டார். உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது என்றார். அதற்கு மேலே திரும்பவும் அழுத்தினால் சில பேருக்குச் சதைக்குள்ளேயே எலும்புபோல இறுகிவிடும், பிறகு மடியவே மடியாது என்றார். பத்து நாளைக்குத் தொடவேண்டாம்.

பத்து நாள். அவனிடம் இருந்தது ஒரு மாதம்.

நான் மரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆதம் காக்காவுக்குக் கோபம். "மரம் என்ன செய்யும்? ஒன்ட கைதான் இரும்பு" என்றார். அதுவும் சரிதான்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து சைக்கிளில் சாய்ந்தமருதுக்குப் போய் அந்தத் தொடையைப் பார்த்தேன். தொடவில்லை. பார்த்தேன். கத்தரிக்காய் நிறம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. அடுத்த வியாழன், அடிபட்டு ஒன்பதாம் நாள், மிஸ் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, "கட்டி ஒண்டும் இல்ல, தப்பிச்சீங்க" என்றார். அவனுக்குச் சொன்னாரா, எனக்கா தெரியவில்லை. நான் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

பிறகு எதிர்ப்பக்கம் போனேன். சூடு கண்டவன் அப்படித்தான். குஷன் கடையில் கேட்டு மெத்தைக்குப் போடும் ஸ்பொஞ்சைச் சுருட்டி, துணி சுற்றித் தைத்து எடுத்தேன். நௌபர் ஏறிப் படுத்தான். உருளை அப்பம்போல நசிந்தது. தொடை நிலத்தில் கிடந்தது.

"எப்பிடி?"

"தலாணி மாதிரி சுகமா இரிக்கி காக்கா. நித்திர வருது."

நான்கு நாள் அப்படிப் போனது. நோகவில்லை. முழங்கால் ஒரு விரல் அளவுகூட அதிகம் மடியவில்லை. அவனுக்கு நோகாமல் இருந்ததை நான் வேலை நடப்பதாக எடுத்துக்கொண்டேன். எனக்கு அது லேசாக இருந்தது. அவனுக்கு நாலு நாள் போனது.

மூன்றாவதாகக் குழாய். நான்கு அங்குலத் தண்ணீர்க் குழாய்த் துண்டு. லொறி டியூப்பை நாடாவாக வெட்டி நெருக்கமாகச் சுற்றினேன். மேலே மெத்தென்று, உள்ளே உறுதி. கையில் பிடித்தபோது நல்ல சாமான் என்று பட்டது. மண் போகாமல் இரண்டு வாயையும் பழந்துணியால் அடைத்தேன். அன்று சாய்ந்தமருதிலிருந்து பஸ் ஓடவில்லை. நௌபர் வர ஏலாது. குழாயை ஒரு சாரனில் சுற்றிச் சைக்கிள் கெரியரில் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

அந்தக் காலத்தைத் தெரிந்தவர்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. கவனமெல்லாம் தொடையில்.

செக் பொயின்டில் சாரனை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தேன். கறுப்பு ரப்பர் சுற்றிய குழாய். இரண்டு பக்கமும் அடைப்பு. பார்க்கிறவனுக்குக் குண்டு.

எல்லோரும் பின்னால் போனார்கள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சனமும் போனது. ரோட்டில் நானும் சைக்கிளும்.

"மேக மொகத?" என்று கத்தினான் ஒரு சிப்பாய். இது என்ன என்று கேட்கிறான். துவக்கு என் நெஞ்சுக்கு நேரே.

எனக்குச் சிங்களத்தில் சந்தையில் கேட்ட சொற்கள் கொஞ்சம் தெரியும். அந்த நேரத்தில் இரண்டுதான் வாயில் வந்தது.

"கக்குல. பெஹெத்."

கால். மருந்து.

துவக்கு தாழவில்லை. நான் கையை அசைக்கவில்லை. அசைக்காமல் நிற்பது எனக்கு வரும். ஓடியிருந்தாலோ, அவசரப்பட்டுக் குழாயைத் தொட்டிருந்தாலோ இன்று இதை எழுதமாட்டேன். உள்ளுக்குள் கலிமா சொன்னேன்.

வயது போன ஒருவர் வந்தார். சார்ஜன்ட்போல இருந்தார். துணியை எடு என்று தூரத்தில் நின்று சைகை காட்டினார். மெதுவாக எடுத்தேன். ஒன்று. மற்றது. குழாயைத் தூக்கி அவர் பக்கம் பிடித்தேன். அவர் அந்தப் பக்கத்தால் பார்த்தார். நான் இந்தப் பக்கத்தால் தெரிந்திருப்பேன்.

அவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்து காட்டு என்றார். தார் ரோட்டில் உட்கார்ந்து கெண்டைக்காலுக்குக் கீழே வைத்து உருட்டிக் காட்டினேன். அவருக்கு ஆசை வந்துவிட்டது. நாள் முழுக்க நின்ற கால் அல்லவா. மணல்மூட்டையில் சாய்ந்து, சப்பாத்தோடு காலை நீட்டி, குழாயில் வைத்து உருட்டினார். பயிற்சியில் பழகியதுபோல உரத்து எண்ணினார்.

"எக்க. தெக்க. துன. ஹதர. பஹ. ஹய. ஹ..."

ஏழில் குரல் உடைந்தது. முகம் மாறவில்லை. பொடியன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது முகத்தை மாற்றுவாரா. ஆனால் ஏழு பாதியில் நின்றது. நோகிற இடத்துக்கு உருளை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எண் சொன்னது.

என்னைப் போகச் சொன்னார். குழாயைத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வெறுங்கையோடு நௌபர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். ஜெசீமா தலையில் கை வைத்தாள்.

"அல்லாட காவல்! ஒரு துடைக்காக உசிரக் குடுக்கப் பாத்திங்களே காக்கா. தண்ணியக் குடிங்க மொதல்ல."

குடித்தேன். பதினைந்து நாள் இருந்தது. கையில் உருளை இல்லை. நௌபர் வேலியடியில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலையின் மேல்கயிற்றில் மிதவைகள் கோர்த்திருந்தன. நீங்களும் கரையில் பார்த்திருப்பீர்கள். முஷ்டி பெருத்தது, நடுவில் ஓட்டை, ரப்பரும் இல்லை ஸ்பொஞ்சும் இல்லை, இரண்டுக்கும் இடையில் ஒன்று. வலையைக் கடலுக்குள் தாழாமல் பிடிக்கிற சாமான். அவன் அதில் ஒன்றைக் கழற்றிப் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தான். யோசிக்கும்போது செய்கிற பழக்கம். குழி விழுந்தது. குழி எழும்பியது.

"அதத் தா" என்றேன்.

புது மிதவை ஒன்று. கல் மாதிரி. வேண்டாம். வெயிலில் கிடந்து பழசானது ஒன்று. அழுத்தினால் பொரிந்தது. வேண்டாம். ஒரு பருவம் கடலில் கிடந்தது ஒன்று. அழுத்தினேன். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி முடிக்குமுன் குழி எழும்பியது. அதுதான். எல்லாவற்றையும் கொட்டி அப்படியே பார்த்துப் பொறுக்கினோம். மம்பட்டிப் பிடி ஒன்றில் நெருக்கிக் கோர்த்தோம். முடிச்சு நௌபர் போட்டான். அவன் போட்ட முடிச்சு கடலில் அவிழாதது.

சொல்ல மறந்தேன். அந்த உருளை ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதது. மஞ்சள் நிறம். இந்த ஊரில் யார் பார்த்தாலும் வலைச்சாமான் என்று தெரியும். குழாய்க்குப் பிறகு அதையும் கணக்கில் எடுத்தேன்.

"இப்ப படு. குப்புற" என்றேன்.

"உளையுதா நோகுதா எண்டு கேக்கயில்லையா காக்கா?"

"இல்ல. நீ எண்ணு. ஒண்டிலருந்து. உரத்து."

"எதுக்கு?"

"எண்ணு மனெ."

இடுப்பில் கை வைக்கவில்லை. மற்றக் காலை நிலத்தில் ஊன்றச் சொன்னேன். பாரத்தை அவனே கூட்டட்டும், அவனே குறைக்கட்டும். எண்ணினான். ஒன்பது வரைக்கும் போனது. பிறகு சத்தம் இல்லை.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்ல காக்கா. உளையுது."

ஜெசீமா குசினிக்குள்ளிருந்து சொன்னாள். "ஒம்பதுக்குப் பொறகு பத்து வரும். மறந்து பெய்த்தா? மதுரசாவுல அடி வாங்கின காணாதா?"

நௌபர் சிரித்துவிட்டான். சிரித்தபோது தொடை தளர்ந்தது. உருளை இரண்டு விரல் மேலே போனது. பத்து என்றான்.

அந்த நாளிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம். எண் நின்றால் உருளை நிற்கும். மேலே தள்ளக்கூடாது. ஊன்றிய காலுக்குப் பாரத்தை மாற்றி, எண் திரும்ப ஓடும்வரைக்கும் பொறுக்கவேண்டும். மூன்றாம் நாள் பதினான்கு. ஆறாம் நாள் இருபத்திரண்டு. ஒரு நாள் பின்னால் போய்ப் பதினொன்றில் நின்றது. அன்று உருட்டவே இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்தேன். முந்தின நான் என்றால் அன்றைக்குத்தான் அதிகம் அழுத்தியிருப்பேன்.

வியாழக்கிழமை மிஸ் மிதவை உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அழுத்தினார். தன் கையில் உருட்டினார்.

"இத எங்க வாங்கின நீங்க?"

"கடல்ல, மிஸ்."

"இன்னும் ரெண்டு செஞ்சு தாங்க" என்றார். முழங்காலை மடித்துப் பார்த்தார். குதி பின்பக்கச் சந்தில் முட்ட இன்னும் நாலு விரல்தான் இருந்தது.

ஆதம் காக்காவும் தோளுக்கு ஒன்று கேட்டார். மரத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் காட்டிய மூன்றில் வழவழப்பானது கிட்டத்தட்ட எங்கள் மிதவைதான். பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். புதிய ஆளுக்கும் அடிபட்டு எழும்பினவருக்கும் அதில் தொடங்குங்கள். கறுப்பு இறுக்கமானது. எண் நிற்காமல் முப்பது போகிறவருக்குக் கொடுங்கள். முள்ளு வைத்தது எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன். எதை எடுத்தாலும் ஆளை எண்ணவிடுங்கள். உளையுதா நோகுதா என்று கேளுங்கள், கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பதிலை நம்பி அழுத்தாதீர்கள். அவருக்கு வேலை போகிற பயம் இருக்கும். ஆட்டத்தில் எடுக்கமாட்டார்கள் என்ற பயம் இருக்கும். உங்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்ற மரியாதையும் இருக்கும். நாக்கு அதையெல்லாம் பார்த்துத்தான் கதைக்கும். எண்ணுகிற குரலுக்கு அந்தக் கணக்கு வராது.

கடல் அடங்கியது. முதல் வலை இறங்கிய காலையில் நான் லீவு போட்டுக் கரைக்குப் போனேன். எனக்கு முன்னமே ஜெசீமா வந்திருந்தாள். தோணிக்குப் பின்னால், முக்காடு இழுத்துக்கொண்டு நின்றாள். ஹாஜியார் குடையோடு நின்றார். கால் மடித்து உட்காருகிறவன் யார் என்று பார்க்கத்தான் நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கரைவலைக் கயிற்றை இழுக்கிறவர்கள் தண்ணீர் விளிம்பில் பிடித்து, பின்பக்கமாகவே நடந்து, மேட்டில் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பவும் விளிம்புக்கு வரவேண்டும். அது ஒரு நடை. வலையின் மீன் சேரும் மடி கரையேற ஒரு ஆளுக்கு நாற்பது நடையாவது போகும். பின்பக்கம் நடப்பதில் பாரமெல்லாம் தொடையில்.

நௌபர் பிடித்தான். நான் எண்ணத் தொடங்கினேன்.

பத்து. இருபது. இருபத்தைந்தில் முகம் சிவந்தது. மணலில் ஒரு தரம் கால் புதைந்தது. ஹாஜியார் குடையைக் கை மாற்றினார். ஜெசீமா என்னைப் பார்த்தாள். நான் அவன் வாயைப் பார்த்தேன். அசைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் இழுக்கிற பாட்டைப் பாட, இவன் தனக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். அசைகிற வரைக்கும் பயமில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது. கையைக் காட்டிப் பொறு என்றேன்.

முப்பத்திரண்டில் வாய் நின்றது.

அவன் நடையைச் சுருக்கினான். பாரத்தை இடது காலுக்கு மாற்றினான். இரண்டு நடை அப்படிப் போனது. வாய் திரும்ப அசைந்தது. நான் உருளையில் சொல்லிக் கொடுத்ததை அவனே கயிற்றில் செய்தான்.

மடி கரையேறியது. கீரி மீன் துள்ளியது. எல்லோரும் அங்கே ஓடினார்கள். நௌபர் ஓடவில்லை. நின்றான். உட்காரவில்லை. ஹாஜியார் அவனைக் கடந்து போகும்போது, "நாளைக்கி சுணங்காம வா" என்றார்.

ஜெசீமா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"எத்தின நட காக்கா?"

"நாப்பத்தி மூண்டு."